இன்ரநெற்றுக்குப் பொருத்தம் பார்த்தல்

நோர்வே மாப்பிள்ளை அருட்செல்வன் ஏழாம் கேள்விக்கு வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றுவிட்டார்.

புத்தூர்ச் சந்தியில், உரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற 'மங்களம் திருமண சேவை'யின் கொம்பியூட்டர்த் திரையில் அவர் நாலு நிமிடம் அப்படியே நின்றார். வலது கை காதுக்குப் பக்கத்தில் தூக்கியபடி. ஒரு கண் முக்கால்வாசி மூடியபடி. தேரில் செதுக்கிய பூதங்களில் கடைசி வரிசைப் பூதம் மாதிரி.

அவரைப் பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம் ஐந்து பேர் இருந்தார்கள். கலியாணப் பெண் வித்தியா. அவளுடைய தாய் செல்வநாயகி ரீச்சர். அச்சுவேலியில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை ரீச்சருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போல, மடியில் ஒரு கொப்பி வைத்திருந்தார். மாப்பிள்ளையிடம் கேட்பதற்கு அதில் இருபது கேள்விகள் இலக்கம் போட்டு எழுதியிருந்தார். அடுத்தது மங்களத்தின் முதலாளி பஞ்சலிங்கம். அவர் பக்கத்தில் மருமகன் டினேஸ். எல்லோருக்கும் பின்னால், சுவரோடு போட்ட கதிரையில், அந்தக் கந்தோரில் வேலை செய்கிற சிவகௌரி.

"ஏழாம் கேள்வி என்ன கேட்டனியள் ரீச்சர்?" என்று பஞ்சலிங்கம் மெதுவாகக் கேட்டார்.

"நீங்கள் இருக்கிற விலாசத்திலை உங்களோடை வேறை ஆர் ஆர் பதிவிலை இருக்கினம் எண்டு. பெண்சாதி, பிள்ளை இருந்தால் அங்கை அரசாங்கப் பதிவிலை இருக்குமாம்."

"சின்னக் கேள்விதானே. லைன்தான் இழுக்குது."

நாலு நிமிடம் முடிய மாப்பிள்ளை ஒரேயடியாக மறைந்துபோனார். பிறகு அவரிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. உங்கள் பக்கத்து இன்ரநெற் சரியில்லை, ஒழுங்கான இணைப்பு எடுத்துவிட்டுச் சொல்லுங்கள், மிச்சத்தைக் கதைப்போம் என்று இருந்தது.

செல்வநாயகி ரீச்சர் கொப்பியை மூடினார். "மூண்டு கிழமை தாறன் பஞ்சலிங்கம். அதுக்குள்ளை நல்ல லைன் எடுங்கோ. இல்லாட்டி வேறை ஆளைப் பாக்கிறன். என்ரை பிள்ளைக்கு முப்பத்திரண்டு. படம் இழுத்து முடியும் மட்டும் அவள் இருக்க மாட்டாள்."

வித்தியா பையை எடுத்துக்கொண்டு தாயின் பின்னால் எழுந்தாள். படியிறங்கும்போது, தாய்க்குத் தெரியாமல், வலது கையைக் காதுக்குப் பக்கத்தில் தூக்கி ஒரு கண்ணை மூடிக் காட்டிவிட்டுப் போனாள். சிவகௌரி சிரிப்பை விழுங்கினாள். அந்தக் கந்தோரில் அவள் சாப்பிட்ட சாப்பாட்டை விட விழுங்கிய சிரிப்புத்தான் அதிகம்.

அவர்கள் போன கையோடு டினேஸ் ஆரம்பித்தான். அவன் திருநெல்வேலியில், கம்பசுக்குப் பக்கத்தில், ஒரு அறை எடுத்து இரண்டு பொடியளோடு ஏதோ செயலி செய்துகொண்டிருந்தான். அது என்ன செய்யும் என்று அவன் விளக்க விளக்கக் குறைவாக விளங்கும்.

"மாமா, உந்த மாடியை மூடுங்கோ. எல்லாத்தையும் என்ரை செயலிக்குள்ளை போடுவம். பொம்பிளையும் மாப்பிளையும் போனிலையே பாத்து விரும்பட்டும். வாடகை மிச்சம், லைட் பில் மிச்சம்."

"சிவகௌரி?" என்று பஞ்சலிங்கம் கேட்டார், அவள் அங்கே இல்லாத மாதிரி.

"அக்காவும் மிச்சம்," என்றான் டினேஸ்.

பஞ்சலிங்கம் மேசையில் விரலால் தட்டி யோசித்தார். கடைசியில் தீர்ப்புச் சொன்னார். "இந்த நோர்வே விசயம் சரிவந்தால் கந்தோர் இருக்கும். சரிவராட்டி மாதக் கடைசியோடை மூடுவம். பிள்ளை சிவகௌரி, நீதான் லைன் பாத்து எடுக்கிறாய். பிழைச்சால் உன்ரை பிழை."

சரிவந்தால் யாருடைய கெட்டித்தனம் என்று அவர் சொல்லவில்லை. சிவகௌரியும் கேட்கவில்லை. பதினொரு வருடமாக அவளுக்கு அந்த மனிதரைத் தெரியும்.

சிவகௌரிக்கு நாற்பத்தொரு வயது. நூற்றுக்கு மேற்பட்ட கலியாணங்களுக்குச் சாதகக் குறிப்பு அடித்துக் கொடுத்தவள். தன்னுடைய குறிப்பை மட்டும் மேசை லாச்சிக்குள் அடியில் வைத்திருந்தாள். கந்தோரை மூடினால் அவளுக்குப் போகிற இடம் ஒன்றுதான் இருந்தது: ஆவரங்காலில் அண்ணையின் வீட்டுக் குசினி. அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் சீனிப் போத்தலை எங்கே வைத்திருக்கிறாள் என்று யாருக்கும் சொல்லமாட்டாள். மங்களத்தில் சிவகௌரிக்கு ஒரு மேசை இருந்தது, ஒரு லாச்சி இருந்தது, அந்த லாச்சிக்குப் பூட்டும் திறப்பும் இருந்தன. காலை எட்டரைக்குச் சைக்கிளில் ஏறினால் பின்னேரம் ஐந்து வரை அவளை யாரும் தேங்காய் துருவச் சொல்லமாட்டார்கள்.

அவள் அடுத்த நாளே மூன்று கொம்பனிகளின் துண்டுப் பிரசுரங்களைச் சேர்த்துக்கொண்டு வந்தாள். ஒன்று 'நாலுகடல்'. பெட்டி ஒன்று தருவார்கள். அதற்குள் சிம் போட்டு மேசையில் வைத்தால் சரி. இரண்டாவது 'கடுகதி'. கூரையில் கம்பம் நட்டுச் சட்டி மாதிரி ஒன்றைப் பூட்டுவார்கள். மூன்றாவது 'ஒளிவீதி'. அது பைபர், தெருத் தூணில் இருந்து வயர் இழுத்து வீட்டுக்குள் கொண்டுவருவார்கள். மூன்று பிரசுரங்களிலும் ஒரே குடும்பம் ஒரே சோபாவில் இருந்து ஒரே மாதிரிச் சிரித்தது.

பஞ்சலிங்கம் வேகம், விலை எதையும் பார்க்கவில்லை. மூன்று பெயர்களையும் பார்த்தார். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"முதலிலை ஒண்டைத் தீர்மானிக்கோணும்," என்றார். "இதிலை ஆர் பொம்பிளை, ஆர் மாப்பிளை?"

"மாமா, உது கொம்பனி," என்றான் டினேஸ்.

"கொம்பனி எண்டாப்போலை? ஒப்பந்தம் ரெண்டு வருசம், ஒரு கூரைக்குக் கீழை இருக்கப் போறம். பொருத்தம் பாராமல் எப்பிடி இருக்கிறது?" அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். "எங்கடை பக்கத்திலை ஆர் ஆற்றை வீட்டுக்குப் போறது? மாப்பிளைதானே பொம்பிளை வீட்டுக்கு வந்து இருக்கிறார். வயர் எங்கடை வீட்டுக்கு வருது. அப்ப வயர் மாப்பிளை. கந்தோர் பொம்பிளை."

"அப்ப சீதனம்?"

"வயர் பூட்டுற கூலி," என்றார் பஞ்சலிங்கம், கொஞ்சமும் தடுமாறாமல்.

பிறந்த நேரம் தெரியாதவர்களுக்குப் பெயரின் முதல் எழுத்தை வைத்து நட்சத்திரம் எடுப்பது வழக்கம். மங்களம், 'ம'. மக நட்சத்திரம். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மிருகம் உண்டு; மகத்துக்கு எலி. ஒளிவீதியின் 'ஒ' ரோகிணி, ரோகிணிக்குப் பாம்பு. கடுகதியின் 'க' மிருகசீரிடம், அதுவும் பாம்பு.

"ரெண்டும் எலியை விழுங்குற சாதி," என்று பஞ்சலிங்கம் இரண்டு பிரசுரங்களையும் தள்ளி வைத்தார். "நாலுகடல், 'நா'. அனுசம். மான். மான் எலியை ஒண்டும் செய்யாது. எடு பிள்ளை, நாலுகடல்."

"ஐயா, ஒருக்கா விசாரிச்சுப்போட்டு எடுப்பமே," என்றாள் சிவகௌரி.

"விசாரி, விசாரி. ஆர் வேண்டாம் எண்டது. ஆனால் மான்தான்."

விசாரிப்பது சிவகௌரியின் உண்மையான உத்தியோகம். கொம்பியூட்டரும் குறிப்பும் வெளியில் சொல்வதற்கு. ஒரு பொடியனுக்குக் கலியாணம் பேசினால், ஆள் எப்படி, குடிப்பாரோ, கோபக்காரரோ, தாய்க்கு வாய் எவ்வளவு நீளம் என்று போய் அறிந்து வருவது அவள்தான். இதற்கு அவளிடம் ஒரே ஒரு விதி இருந்தது. அந்த வீட்டில் ஒருநாளும் கேட்கக்கூடாது. பக்கத்து வீட்டில் கேட்கவேண்டும். அதுவும் நல்லவரோ என்று கேட்கக்கூடாது. அங்கே தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, "பக்கத்திலை அமைதியா இருக்கு, என்ன?" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டும். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மாப்பிள்ளைக்குச் செய்வதை வயருக்கும் செய்தாள்.

நாலுகடல் பெட்டி ஆவரங்காலில் முத்துக்குமாரு என்ற ஓய்வுபெற்ற லிகிதர் வீட்டில் இருந்தது. அவரே வாசலில் நின்றதால் விதியை மீறி அவரிடமும் கேட்கவேண்டி வந்தது.

"முதல்தரம்," என்றார் முத்துக்குமாரு. "அந்த மாதிரி வேகம். என்ரை மருமோன்தான் கொண்டுவந்து பூட்டினவர்."

பக்கத்து வீட்டு மனிசி வெங்காயம் வெயிலில் உணத்திக்கொண்டிருந்தாள். சிவகௌரி தண்ணி குடித்தாள். "பக்கத்திலை அமைதியா இருக்கு, என்ன?"

"எங்கை அமைதி," என்றாள் மனிசி. "பின்னேரம் ஆறு மணி எண்டால் அந்தாள் கதிரையும் பெட்டியும் தூக்கிக்கொண்டு பின் வளவிலை பப்பாசி மரத்துக்குக் கீழை வந்திடும். வீட்டுக்குள்ளை லைன் வராதாம். அங்கை இருந்து மகளோடை கனடாவுக்குக் கத்துறது முழுக்க எங்கடை குசினிக்குள்ளை கேக்குது. மகளுக்கு மூல வருத்தமாம், பாவம். ஆவரங்கால் முழுக்கத் தெரியும்."

சிவகௌரி நன்றி சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினாள். பின்னேரம் ஊரே வீட்டுக்கு வந்து போனை எடுக்கிற நேரம்; அந்த நேரத்தில்தான் நோர்வேயோடும் கதைக்கவேண்டும். மங்களத்தின் மாடியில் பப்பாசி மரமும் இல்லை.

கடுகதியின் சட்டி சிறுப்பிட்டியில் ஒரு ரியூசன் கொட்டகைக் கூரையில் இருந்தது. எதிர்ப்பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு சோடா வாங்கிக் குடித்தாள். காற்று அடித்தால் சட்டி திரும்பிவிடும், பொடியள் ஏறித் திருப்புவார்கள், போன மாதம் ஒருத்தன் கூரை ஓட்டை உடைத்துக்கொண்டு கணக்கு வகுப்புக்குள் விழுந்தான் என்று அவர் சொன்னார். விழுந்தவன் கணக்குக்கு ஒருநாளும் வராதவனாம். அன்றைக்குத்தான் வந்தானாம்.

ஒளிவீதியின் வயர் அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டுக்குப் போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம் சிவகௌரி தன் வசனத்தைச் சொல்லி முடிக்கவில்லை.

"உவையின்ரை கதையை விடுங்கோ," என்று அவள் தொடங்கினாள். "வயர் வந்தாப் பிறகு ஒருத்தரும் வெளியிலை வாறேல்லை. முந்தி அந்த மனிசி பின்னேரத்திலை வேலிக்கு வந்து நாலு கதை கதைக்கும். இப்ப லண்டனிலை இருக்கிற தங்கச்சியோடை நாள் முழுக்கக் கதை. தங்கச்சி அங்கை கறி வைக்கிறாவாம், இவ இஞ்சை இருந்து உப்புக் காணுமோ எண்டு பாக்கிறாவாம். அறுவது வயசு மனிசி. எனக்கு விசர் வருது."

ஒரு கொம்பனிக்கு இதைவிட நல்ல நற்சான்றிதழ் எழுத முடியாது என்று சிவகௌரிக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி எரிச்சல்பட்டால் பொருள் நல்லது.

ஆனால் பாம்பு. பஞ்சலிங்கத்திடம் போய் "ஐயா, மான் பின்னேரத்திலை படுத்திடும், பாம்புதான் நல்லது" என்று சொன்னால் அவர் கேட்கமாட்டார். பஞ்சாங்கத்தைப் பொய் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். பஞ்சாங்கத்தைப் பஞ்சாங்கத்தால்தான் வெட்டவேண்டும். கலியாணத்திலும் அப்படித்தான். பெயரெழுத்தில் பொருந்தாவிட்டால் பிறந்த நேரத்தைத் தேடிப் பிடித்து அதில் பார்ப்பார்கள். பிறந்த நேரம் இருந்தால் பெயரெழுத்துச் செல்லாது.

அவள் ஒளிவீதியின் பிரசுரத்தைத் திரும்ப எடுத்தாள். மூலையில், சிரிக்கிற குடும்பத்தின் காலடியில், 'எமது ஐந்தாவது பிறந்தநாளை முன்னிட்டு விசேட கழிவு' என்று தொடங்கிய திகதியோடு போட்டிருந்தது. அந்தத் திகதியைக் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தாள். அன்றைக்குக் காலை பத்து நாற்பதுவரை புனர்பூசம். அதன் மிருகம் பூனை. பாம்பாவது பசித்தால்தான் எலியைப் பிடிக்கும். பூனை பொழுதுபோகாவிட்டாலும் பிடிக்கும். பத்து நாற்பதுக்குப் பிறகு பூசம். பூசத்துக்கு ஆடு.

ஒளிவீதியின் முகவர் ஜெனிஸ்ரன் என்ற பொடியன். கழுத்தில் அட்டை தொங்கும்; அட்டையில் இருக்கிற படத்தை விட ஆள் நாலு மடங்கு மெலிவு. சிவகௌரி அவனைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினாள்.

"தம்பி, உங்கடை கொம்பனி எத்தினை மணிக்குப் பிறந்தது?"

ஜெனிஸ்ரன் அவளைப் பார்த்தான். இணைப்பு விற்கத் தொடங்கிய ஒன்றரை வருடத்தில் வேகம் என்ன, விலை என்ன, வயர் தட்டினால் ஆள் சாகுமோ என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

"திறப்பு விழாவோ அக்கா? நான் அப்ப அங்கை கதிரை அடுக்கினனான். கார்ட்டிலை காலமை பத்து மணி எண்டு போட்டது."

சிவகௌரி பிரசுரத்தை மறுபடி பார்த்தாள். பத்து மணி பூனை. "பத்துக்கே ரிப்பன் வெட்டினது?"

"பத்துக்கு எங்கை. பிரதம விருந்தினர் வரவேணுமே. நாதஸ்வரக்காரர் ரெண்டுதரம் தேத்தண்ணி குடிச்சு, மூண்டாந்தரம் கேட்டவை. ஆள் வந்து வெட்டேக்கை பதினொண்டரை."

"தம்பி," என்றாள் சிவகௌரி, "இதை எங்கடை ஐயாவுக்கு முன்னாலை அப்பிடியே சொல்லுவியோ?"

"வித்துக் குடுக்கிறதெண்டால் என்னத்தையும் சொல்லுவன் அக்கா. இது உண்மையும்தானே."

பஞ்சலிங்கம் முதலில் நம்பவில்லை. ஜெனிஸ்ரனை மூன்று தரம் கேட்டார். அன்றைய படம் இருக்கிறதோ என்றார். ஜெனிஸ்ரன் போனைத் தடவி ஒரு படம் எடுத்தான். கத்தரிக்கோலும் மாலையுமாக ஒருவர், பின்னால் கும்பிட்டுக்கொண்டு நாலு பேர், சுவரில் மணிக்கூடு. பஞ்சலிங்கம் உருப்பெருக்கிக் கண்ணாடி பிடித்து மணிக்கூட்டை மட்டும் பார்த்தார். பதினொன்று முப்பத்திரண்டு.

"ஆடு," என்றார் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு. "பூசம். பத்துக்கு ஏழு பொருத்தம் வருகுது. கணம் பொருந்தேல்லை, பறவாயில்லை. பிரதம விருந்தினர் நேரத்துக்கு வந்திருந்தால் எங்கடை வாழ்க்கையே பாழாய்ப் போயிருக்கும்."

வயர் இழுக்க இரண்டு பேர் வெள்ளிக்கிழமை பத்து இருபதுக்கு ஏணியோடு வந்தார்கள். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குவதால் பஞ்சலிங்கம் அவர்களைப் பன்னிரண்டு மணிவரை வீதியில் நிற்கவைத்தார். அவர்கள் உரக்கடை வாசலில் இருந்து வடை சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் இப்படித்தான் வெளியில் காத்திருக்கவேண்டும் என்று பஞ்சலிங்கம் மேலிருந்து விளக்கம் சொன்னார். பன்னிரண்டு ஐந்துக்கு வயர் படியேறியது. அவர் அதற்குச் சந்தனம் தொட்டு வைத்தார். நல்லகாலம், றவுட்டருக்குள் விபூதி தூவ முன் ஏணிக்காரன் கையைப் பிடித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு மறுபடி எல்லோரும் கூடினார்கள். செல்வநாயகி ரீச்சர் அதே கொப்பி. வித்தியா மயில்பச்சைச் சேலை. டினேஸ் திருநெல்வேலியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான். கந்தோர்க் கொம்பியூட்டரைக் கட்டிக் கொண்டுபோக ஒரு சாக்கும் கயிறும் கொண்டுவந்திருந்தான். அதை ஒளிக்கக்கூட இல்லை, கதவில் தொங்கவிட்டிருந்தான். சிவகௌரி சுவரோடு தன்னுடைய கதிரையில் இருந்தாள். கையில் லாச்சித் திறப்பு இருந்தது.

அருட்செல்வன் திரையில் வந்தார். வந்தது என்றால் அப்படி ஒரு வரவு. அவர் சேட்டில் தையல் தெரிந்தது. மூக்குக்குக் கீழே சவரக்கத்தி தவறவிட்ட மூன்று மயிர் தெரிந்தது. பின்னால் சன்னல் திரைச்சீலை, மேசையில் ஒரு கோப்பை தேத்தண்ணி, எல்லாம் எட்டித் தொடலாம் போல இருந்தன. பஞ்சலிங்கம் சிவகௌரியைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். பதினொரு வருடத்தில் அது இரண்டாவது தலையாட்டல்.

"முதல் ஆறு கேள்வியும் போனதரம் கேட்டது," என்றார் செல்வநாயகி ரீச்சர். "ஆனாலும் திருப்பிக் கேக்கிறன். விடை மாறுதோ எண்டு பாக்க."

விடை மாறவில்லை. வேலை, சம்பளம், சாப்பாடு, சமயம், உயரம், ஊரில் உள்ள காணி. மாப்பிள்ளை மணிமணியாகச் சொன்னார். ஒரு சொல் இழுபடவில்லை.

"ஏழு. நீங்கள் இருக்கிற விலாசத்திலை உங்களோடை வேறை ஆர் ஆர் பதிவிலை இருக்கினம்?"

அருட்செல்வன் வாயைத் திறந்தார். நின்றுவிட்டார்.

இந்தமுறை இடது கை. கண் இரண்டும் திறந்தபடி. வாய் 'ஆ' என்ற எழுத்தில்.

கீழே உரக்கடையில் யாரோ யூரியா விலை கேட்டது மட்டும் கேட்டது. பஞ்சலிங்கத்தின் முகம் வாடி விழுந்தது. டினேஸ் எழுந்து கதவடிக்குப் போய்ச் சாக்கை எடுத்து உதறினான்.

"நான் அப்பவே சொன்னனான் மாமா. ஆடாம் ஆடு."

"லைன்தான் ரீச்சர்," என்றார் பஞ்சலிங்கம் அவசரமாக. "புது லைன், இன்னும் பழகேல்லை. பொடியனிலை ஒரு குறையும் இல்லை. இவ எடுத்த லைன்தான் பிழை. அப்பிடித்தானே பிள்ளை?" அவர் சிவகௌரியைப் பார்த்தார். ஓம் என்று சொல் என்று அவருடைய புருவம் சொன்னது.

சிவகௌரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு வருடமாக மனிதரைப் பார்க்காமல் மனிதருக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துப் பழகிய கண். அது மாப்பிள்ளையின் முகத்தில் நிற்கவில்லை; மேசைக்குப் போனது. மேசையில் தேத்தண்ணிக் கோப்பை. கோப்பையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மெல்லிசாக, வளைந்து வளைந்து, மாப்பிள்ளையின் அசையாத மூக்குக்கு முன்னால் போய்க் கலைந்தது.

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். லைன் பிழை என்று சொன்னால் கலியாணம் ஒருவேளை தப்பும். ஆனால் லைன் எடுத்தவள் அவள், பிழையும் அவளுடையது; வேலை போகும். லைன் சரி என்று சொன்னால் கலியாணம் முறியும். மாதக் கடைசியோடு கந்தோர் பூட்டு. எந்தப் பக்கம் போனாலும் அண்ணியின் குசினிதான். இரண்டுக்கும் முடிவு தேங்காய் துருவுவதுதான் என்றால், கண்ணால் கண்டதையாவது சொல்லிவிட்டுப் போகலாம்.

"லைன் நல்லாத்தான் இருக்கு ஐயா," என்றாள். "தேத்தண்ணியைப் பாருங்கோ. ஆவி பறக்குது."

எல்லோரும் குனிந்தார்கள். ஆவி பறந்தது. பின்னால் திரைச்சீலை ஒருதரம் ஊதி அடங்கியது. மாப்பிள்ளை மட்டும் சிலை. அந்தச் சிலையின் நெற்றியில் ஒரு துளி வேர்வை புறப்பட்டு, புருவத்தில் தங்கி, இறங்கியது.

"கண் வெட்டாமல் எவ்வளவு நேரம் அம்மா இருக்கலாம்?" என்று வித்தியா கேட்டாள்.

"பொறு. பாப்பம்," என்றார் ரீச்சர். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். நாற்பத்தேழாவது செக்கனில் சிலை கண் வெட்டியது.

செல்வநாயகி ரீச்சர் திரைக்குக் கிட்டப் போனார். வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற பொடியனோடு கதைக்கிற குரலில், கோபமே இல்லாமல் சொன்னார்: "தம்பி, மூச்சை விடுங்கோ. கனநேரமாப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள். தேத்தண்ணியும் ஆறுது."

மாப்பிள்ளை வாயை மூடினார். அடுத்த கணம் திரை கறுப்பானது. றவுட்டரில் பச்சை விளக்குகள் நாலும் ஒன்றும் நடக்காத மாதிரி எரிந்தன.

"ஏழாம் கேள்விக்கு விடை வந்திட்டுது," என்று ரீச்சர் கொப்பியில் ஒரு பிழை அடையாளம் போட்டார். வித்தியா சிரிக்கத் தொடங்கினாள். படியிறங்கி, வீதிக்குப் போய், பருத்தித்துறை பஸ் வரும் வரைக்கும் சிரித்தாள்.

பஞ்சலிங்கம் சிரிக்கவில்லை. "ஒரு சொல்லு, பிள்ளை," என்றார். "லைன் பிழை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் காணும்." அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவளோடு கதைக்கவில்லை. தேவையானதைக் கடுதாசியில் எழுதி மேசையில் வைத்தார். 'பேனை எங்கே' என்றுகூட எழுதி வைத்தார். எழுதிய பேனையே அதுதான்.

மாதக் கடைசி நாள் காலையில் டினேஸ் சாக்கோடு வந்தான். பஞ்சலிங்கம் வீதியைப் பார்த்தபடி இருந்தார். சிவகௌரி லாச்சியைத் திறந்து தன் சாமான்களை ஒரு பையில் போட்டாள்: ஒரு சீப்பு, ஒரு சித்தாலேபத் தைலப் போத்தல், அடியில் கிடந்த குறிப்பு. திறப்பை மேசையில் வைத்தாள். டினேஸ் கொம்பியூட்டருக்குப் பின்னால் குந்தி வயர்களைத் தேடினான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு மனிசி மூச்சு வாங்க ஏறிவந்தாள். பின்னால் இளம் பெண் ஒருத்தி, வர மனமில்லாமல் வந்துகொண்டிருந்தாள்.

"நான் இரத்தினம்மா, ஊரெழு," என்றாள் மனிசி. "எங்களுக்குச் சம்பந்தம் ஏற்கெனவே பேசியாச்சு. வேறை புறோக்கர். பொடியன் எப்ப பாத்தாலும் லைன் சரியில்லை எண்டு சொல்லிப்போட்டு நிண்டுபோறான். அச்சுவேலிச் செல்வநாயகி ரீச்சர் சொன்னவ, இஞ்சை இருந்து கதைச்சால் உள்ளது தெரியுமாம். பாத்துச் சொல்ல ஒரு பிள்ளையும் இருக்காம். அந்தப் பிள்ளையோடை அரை மணித்தியாலம் இருந்து பாக்கலாமோ? என்ன குடுக்கோணுமோ குடுக்கிறன். கீழை இன்னும் ரெண்டு பேர் நிக்கினம், அவையும் அதுக்குத்தானாம்."

பஞ்சலிங்கம் சன்னலால் எட்டிப் பார்த்தார். உரக்கடை வாசலில், யூரியாப் பைகளுக்கு நடுவில், இரண்டு தாய்மார் இரண்டு மகள்மாரோடு மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் விரலால் தலைகளை எண்ணினார். கலியாணம் பேசி வைத்துப் பிழைத்த மனிதர். பேசின கலியாணத்தைப் பிரித்தும் பிழைக்கலாம் என்று அன்றைக்கு வரை அவருக்குத் தோன்றியதில்லை.

"டினேஸ்," என்றார். "வயரிலை கை வையாதை."

"மாமா, சாக்கு..."

"சாக்கைக் கீழை கடையிலை குடு. அவைக்கு உதவும்."

சிவகௌரி பையை நிலத்தில் வைத்தாள். மேசையில் கிடந்த திறப்பை எடுத்தாள். பிறகு, சுவரோடு இருந்த தன் கதிரையை இழுத்துக்கொண்டுபோய், பஞ்சலிங்கம் வழக்கமாக இருக்கிற இடத்தில், திரைக்கு நேர் முன்னால் போட்டாள். அவர் ஒரு அடி விலகி இடம் விட்டார்.

"இருங்கோ அம்மா," என்றாள் அவள். "பொடியன் எந்த நாடு?"